அரை விரல் இடைவெளி

தட்டுகளை எல்லாம் ஒரே நாளில் வெட்டி வைத்துவிடலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலையில். மொத்த வேலைக்கு அவர் கை அப்படித்தான் பழகியிருந்தது. பள்ளிக்கூடச் சீருடைக்கு ஆர்டர் வந்தால் துணியை அடுக்கிப் போடுவார். அட்டையில் வெட்டிய மாதிரியை மேலே வைத்துக் கோடிழுத்து, ஒரே மூச்சில் கத்தரித்துத் தள்ளுவார். ஒவ்வொன்றாக அளந்து வெட்டுகிறவனைத் தையல்காரன் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றினார். குடலின் அடிப்பக்கத்தில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு உள்ளே தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன் வழியே எதுவும் போகக்கூடாது என்பதற்காகச் சிறுகுடலின் ஒரு வளைவை வலப்பக்க வயிற்றின் வழியே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். தற்காலிகம்தான், சில மாதங்களில் உள்ளே வைத்து மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுத் தையலை இழுபடாமல் வைப்பது மாஸ்டருக்குப் புரிகிற விஷயம். புரியாதது அந்தச் சிவப்பு. உள்ளுதட்டைப் போல ஈரமாக, அவரைக் கேட்காமலே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை ஸ்டோமா என்றார்கள். அவர் மனதுக்குள் 'அது' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

அதன் மேல் ஒரு தட்டு ஒட்ட வேண்டும். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் பசை. நடுவில் ஓட்டை வெட்டி வயிற்றில் ஒட்டினால், அது ஓட்டை வழியாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். வருவதெல்லாம் தட்டில் மாட்டிய பைக்குள் விழும். எப்படி அளப்பது, எப்போது மாற்றுவது என்று கிளம்புகிற அன்று நர்ஸ் நெடுநேரம் விளக்கினாள். அவள் விளக்கிய நேரமெல்லாம் மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். மனைவியை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார். மருந்து வாங்கி வரச் சொல்லி.

வட்ட வட்டமாக ஓட்டை போட்ட அளவு அட்டை ஒன்று தட்டுகள் வந்த பெட்டிக்குள் இருந்தது. அதை வைத்துப் பார்த்துப் பொருத்தமான வட்டத்தைக் கண்டுபிடித்தார். பிறகு சுற்றிலும் அரை விரல் கூட்டிக்கொண்டார். காலர் என்றால் விரல் நுழைய வேண்டும், அக்குள் என்றால் கை தூக்க இடம் வேண்டும். உடம்போடு உடம்பாக வெட்டுவது கற்றுக்குட்டி வேலை. காலண்டர் அட்டையில் ஒரு மாதிரி செய்து, பெட்டியில் இருந்த தட்டுகள் எல்லாவற்றிலும் அதை வைத்துக் கோடு போட்டு வெட்டி முடித்தார். ஒரு வட்டத்திலும் பிசிறில்லை. அடுக்கி நூலால் கட்டி வைத்தபோது, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வேலையை முடித்த நிம்மதி அவருக்கு வந்தது.

சில வாரங்களில் கடைக்குப் போகத் தொடங்கினார். கடையில் எல்லாரிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழே இறங்கும் தொளதொளச் சட்டைகளை அவரே தைத்துக்கொண்டார்.

"வாங்க மாஸ்டர். ஆளு பாதியாயிட்டீங்க, சட்டை மட்டும் ரெட்டிப்பா ஆயிருச்சு?" என்றார் காஜாக்காரர். பொத்தான் ஓட்டைகளுக்கு நூல் கட்டுகிறவர். மாஸ்டரோடு ஒரே மேசையில் தலை நரைத்தவர்.

"காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்."

"ஊருக்கெல்லாம் உடம்ப அளந்து தைப்பீங்க. உங்களுக்குக் கூடாரம் அடிச்சுக்கிட்டீங்களா?"

மாஸ்டர் சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டார். அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. பை நிரம்புகிறதா, காற்று புகுந்து உப்புகிறதா என்று விரல் தானாகத் தடவிப் பார்க்கும். பை நிரம்பக் கூடாது என்பதற்காகக் கடையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். பிற்பகலில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கத்தரி பிடித்த விரல்கள் விறைத்துக்கொள்ளும். பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது எரிச்சல்தான். அதைச் சுற்றிலும் தோல் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. தட்டு ஒழுங்காக ஒட்டவில்லை. காலையில் ஒட்டினால் மதியத்துக்குள் ஒரு ஓரம் நனைந்து எழும்பும். மாற்ற மாற்ற எரிச்சல் கூடியது. பசை சரியில்லை, மட்டமான சரக்கு என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டார். தன் வெட்டின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு நாள் வெள்ளைத் துணியை மேசையில் பரப்பிக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். மேசையின் விளிம்பு வயிற்றில் பட்டது. ஏதோ சூடாக நழுவியதை உணர்ந்து நிமிர்வதற்குள், வெட்டிய துணியின் மேல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை விழுந்திருந்தது.

"என்ன மாஸ்டர் அது?"

"எண்ணெய். மெஷின் எண்ணெய் பட்டிருக்கு."

"எண்ணெயா?" காஜாக்காரர் துணியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. துணியை நான்காக மடித்து மேசைக்கு அடியில் போட்டார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நூல் கட்டத் தொடங்கினார். அன்று மாலைவரை அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. வாயை மூடத் தெரியாத மனிதர் வாய் மூடியிருந்த அந்த நேரம் மாஸ்டருக்கு நரகமாக இருந்தது. "உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வேண்டிய தேதி வந்தது. குடலை உள்ளே வைத்து மூட நாள் குறிப்பதற்கான தேதி. அந்த ஒரு தேதிக்காகத்தான் அவர் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். மூடிவிட்டால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. டாக்டரிடம் போகும் முன் ஸ்டோமா நர்ஸிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.

குட்டி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, தண்ணீர்க் குழாய். நர்ஸ் நடுவயதுக்காரி. வெடுக்கென்று பேசுகிறவள். கைகள் மட்டும் அவசரப்படாதவை.

"வீட்டுல இருந்து யாரு வந்திருக்கா?"

"சம்சாரம். வெளிய இருக்கா. அவ எதுக்கு சிஸ்டர்?"

"எதுக்குன்னு நான் சொல்றேன். அம்மா, உள்ள வாங்க."

மனைவி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். மாஸ்டர் சட்டையைத் தூக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சட்டையைத் தூக்கினாள். ஈரத்துணியால் நனைத்து நனைத்துத் தட்டை உரித்தாள். உரித்ததும் குனிந்து பார்த்தாள். அதைச் சுற்றி ஒரு வளையமாகத் தோல் இல்லை. சிவந்து, கசிந்து, ஒரு இடத்தில் ரத்தம் பூத்திருந்தது.

"எரியலையா ஐயா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? தோலு வெந்து கிடக்கு, கொஞ்சமாம்." அவள் அவர் நாக்கை நீட்டச் சொன்னாள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. "தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேனே."

"நாக்கு வேற மாதிரி சொல்லுது. இது வழியா உப்பும் தண்ணியும் ஓடிக்கிட்டே இருக்கும். வெறும் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சாலும் நிக்காது. நாங்க குடுக்குற உப்புச் சர்க்கரைப் பொடியக் கலந்து நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். பை நிரம்புதேன்னு குடிக்காம இருந்தா முதல்ல கிட்னிதான் மல்லாக்கப் படுக்கும்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

நர்ஸ் அவர் கொண்டுவந்திருந்த துணிப்பையைப் பிரித்தாள். நூலால் கட்டிய தட்டுகளின் அடுக்கை வெளியே எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டை அவர் வயிற்றில் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் தோல் தெரிந்தது, ஒரு அகழியைப் போல.

"இத யாரு வெட்டினது?"

அந்தக் குரலில் அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். கோணலாக வந்த கழுத்தை, குட்டையாக வந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆடையில்லாத வயிறும் அவிழ்ந்த தட்டுமாக மல்லாந்து கிடக்கும்போது அது அவர் முகத்தில் வந்து விழுந்தது.

"இவதான்" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மனைவி கால்மாட்டில் அசையாமல் நின்றாள். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தார். 'அட, நான் எங்க வெட்டினேன், கதவத் தாழ் போட்டுக்கிட்டு நீங்கதானே' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

"அம்மா, நீங்க அளக்கவே இல்லையா?" என்றாள் நர்ஸ்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எப்படி அளக்கணும்னு காட்டுங்க சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் காட்டினாள். "முதல்ல வீங்கியிருக்கும். வாரம் போகப் போக வீக்கம் வடிஞ்சு சின்னதாயிரும். அதனால ஒவ்வொரு தடவையும் அளக்கணும், ஒண்ணு ஒண்ணாத்தான் வெட்டணும். மொத்தமா வெட்டி அடுக்கி வைக்க இது என்ன சீருடையா? அதுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி இருந்தாப் போதும். வயித்துக்குள்ள சாப்பாட்டக் கரைக்குதே, அதே தண்ணிதாம்மா இதுல வருது. அதுக்குச் சாப்பாடுன்னும் தெரியாது, தோலுன்னும் தெரியாது. தொட்டதையெல்லாம் கரைக்கும்."

மனைவி குனிந்து கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். மாஸ்டரின் வயிற்றைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"தோலு இப்படி இருந்தா டாக்டர் நாள் குறிக்க மாட்டார். ஆறினாத்தான். இனிமே இவரு கை வைக்க வேண்டாம். கண்ணாடியப் பாத்து இவரால செய்ய முடியாது. நீங்கதான் மாத்தணும். என்ன ஐயா, சரியா?"

இத்தனை நாளும் எதைத் தாழ் போட்டு மறைத்தாரோ, ஒரு பொய்யால் அவரே அதைத் திறந்துவிட்டிருந்தார். இப்போது மாட்டேன் என்றால், வெட்டியது யார் என்ற பேச்சு மறுபடி வரும். "சரி" என்றார்.

பேருந்தில் திரும்பினார்கள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நர்ஸ் தந்த புதுத் தட்டுகளையும் அளவு அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய இடத்தில், "பாத்து எறங்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் அது அடங்கியிருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மனைவி ஜன்னலோரம் பாயை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய துணி, பவுடர், கத்தரி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கடையிலிருந்து வந்த பெரிய கத்தரி இல்லை. நகம் வெட்டும் குட்டிக் கத்தரி.

"படுங்க."

"விளக்க அணைச்சிரு."

"அணைச்சிட்டு எதைப் பாத்து ஒட்டுறது? மூக்கு மேலயா ஒட்டட்டும்?"

அவர் படுத்தார். அவள் தட்டை இழுக்கவில்லை. தோலைக் கீழே அழுத்தி அழுத்தித் தட்டை விடுவித்தாள். சோப்பு போடாமல் துடைத்தாள். ஒற்றி எடுத்தாள். கசியும் இடத்தில் பவுடரைத் தூவி, மிச்சத்தை ஊதாமல் துணியால் தட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அது அசைந்தது. ஒரு சின்னச் சத்தம். வழிந்து அவள் விரல்மேல் ஓடியது.

மாஸ்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "போ, நீ போ. நானே பாத்துக்கறேன்."

"எங்க போறது? பாதி வேலைல." அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். "அது பாட்டுக்கு அது போகுது. அத என்ன நீங்களா கூப்பிட்டீங்க? கையை எடுங்க, முட்டிக்கை இடிக்குது."

அவள் அளந்தாள். பழைய மாதிரியில் இருந்ததைவிட வட்டம் மிகவும் சிறியதாக இருந்தது. அவள் வெட்டியது கோணல்மாணலாக வந்தது. விளிம்பெல்லாம் பிசிறு. அவர் கண் அந்தப் பிசிறுகளைத்தான் முதலில் பார்த்தது. அப்படிப் பார்த்ததற்காகவும் அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் பிசிறை விரலால் தேய்த்து மழுக்கினாள். தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி ஒட்டினாள். பிறகு அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பசை பிடிக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

அந்த இருப்புதான் அவருக்குப் பெரும்பாடாகிப்போனது. அவள் உள்ளங்கையின் சூடு தட்டைத் தாண்டி இறங்கியது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் காதோர நரையைப் பார்த்தார். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார். 'அன்னைக்கு நான் சொன்னது...' என்று மனதில் தொடங்குவார். அத்தோடு விட்டுவிடுவார். அவளும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு எப்படிப் பதில் சொல்வது? கேட்கவே வேண்டாம் என்றுதான் அவள் அப்படி வெளியே பார்க்கிறாளோ என்றும் தோன்றும். கை எடுத்ததும், "எந்திரிங்க, ஆச்சு" என்பாள். அவர் எழுந்திருப்பார்.

தோல் ஆறத் தொடங்கியது. ஓரங்களில் புதுத் தோல் இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. தட்டு நாள்கணக்கில் கழலாமல் நின்றது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அவள் பாட்டிலில் கலந்து வைத்தாள். கால் இழுப்பது குறைந்தது.

ஒரு பிற்பகலில் வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாஸ்டர் பக்கத்து அறையில் படுத்திருந்தார்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி ஏன்மா தள்ளிப்போச்சு?"

"தோலு கொஞ்சம் புண்ணாயிருச்சுடி. இப்ப ஆறிருச்சு."

"எப்படிப் புண்ணாச்சு?"

"ஓட்டையப் பெருசா வெட்டிட்டோம்."

"வெட்டிட்டோம்னா? யாரு?"

மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"நான்தான். தெரியாம வெட்டிட்டேன்."

"அம்மா! பக்கத்துல ஒரு தையல் மாஸ்டரையே வச்சுக்கிட்டு நீ எதுக்கு வெட்டின? அவர்கிட்டக் குடுத்திருந்தா நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருப்பாரே. உனக்கு எப்பவும் அவசரம்."

"ஆமாடி, அவசரக் குடுக்கைதான் நான். நீ சாப்பிட்டியா?"

மாஸ்டர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். எழுந்து போய், போனை வாங்கி, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கால்களைக் கட்டிலிலிருந்து கீழே போடவும் செய்தார். தரை குளிர்ந்திருந்தது. அதற்குள் பேச்சு பேரப்பிள்ளையின் பல்லுக்குப் போய்விட்டது. அவர் மறுபடி காலைத் தூக்கிப் படுத்துக்கொண்டார்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் தட்டை உரித்துப் பார்த்துவிட்டு மனைவியின் தோளைத் தட்டினாள். "பாத்தீங்களா, கை பழகிருச்சு. ஐயா, இவங்களுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுங்க. வெட்டத் தெரியாம வெட்டினவங்களா இது!"

"எடுத்துரலாம்" என்றார் மாஸ்டர். நாக்கு உலர்ந்திருந்தது. இந்த முறை தண்ணீர் குடிக்காததால் அல்ல.

டாக்டர் நாள் குறித்தார். அடுத்த மாதம். மாஸ்டர் அந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் இத்தனை நாள் இருந்தார். கேட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று எண்ணியிருந்தார். மூடிவிடுவார்கள், தடம்கூடத் தெரியாது. ஆனால் அது மூடினாலும் இது மூடாது என்று ஒரு நினைப்பு உள்ளே சப்பென்று உட்கார்ந்துகொண்டது.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது நர்ஸ் பின்னாலேயே வந்தாள். அங்கே பெஞ்சில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன். லாரி டிரைவர் என்று பிறகு தெரிந்தது. தோளில் போட வேண்டிய துண்டை மடியில் பரப்பி வயிற்றை மறைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இவங்ககிட்டக் கொஞ்சம் பேசுங்களேன்" என்றாள் நர்ஸ். "இவங்களும் உங்கள மாதிரியே பெருசா வெட்டிட்டாங்க. நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். நீங்களும் முதல்ல தப்பாத்தானே வெட்டினீங்க, அதச் சொல்லுங்க. கேட்டா தெம்பா இருக்கும்."

மனைவி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டர் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அழாதம்மா. நானும் இதேதான். வீட்டுக்கு வந்த மறுநாளே எல்லாத் தட்டையும் மொத்தமா வெட்டி, அடுக்கி, நூலப் போட்டுக் கட்டி வச்சிட்டேன். காலண்டர் அட்டைல மாதிரி வேற. பெரிய சாமர்த்தியம்னு நெனப்பு."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலண்டர் அட்டையை அவர் கிழித்து எறிந்திருந்தார். அவள் குப்பையில் பார்த்திருக்கிறாள். பார்த்து, துண்டுகளைச் சேர்த்து, நடந்ததை எல்லாம் தெரிந்துகொண்டு, இப்போது அதைத் தன் மேல் உடுத்திக்கொண்டு ஒரு அந்நியப் பெண்ணிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருடைய தவறு அவள் வாயில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது!

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலக்கா, கை நடுங்கிருச்சு. அளவுதான் அட்டைல இருக்கே, நீங்க ஏன் அதுக்கு மேல விட்டு வெட்டினீங்க?"

மனைவி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. காலண்டர் அட்டை தெரியும், நூல் கட்டு தெரியும். ஏன் என்பது தெரியாது. அவள் தலை நிமிர்ந்து எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். அவள் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை மட்டும் இருந்தது.

"அவ வெட்டல" என்றார் மாஸ்டர்.

குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். அறை வாசலில் நர்ஸ் நின்றுவிட்டாள்.

"நான் வெட்டினது. நான் தையல்காரன். நாப்பது வருஷமா அதுதான் வேலை. அன்னைக்கு சிஸ்டர் கேட்டப்ப இவ மேல போட்டுட்டேன்."

நர்ஸ் மனைவியைப் பார்த்து, "நீங்க ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்றாள்.

"என்னையா கேட்டீங்க? யாரு வெட்டினதுன்னு நீங்க அவரைத்தானே கேட்டீங்க" என்றாள் மனைவி. "அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பாயில் அவள் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகள் ஒவ்வொன்றும் இப்போது வேறாகத் தெரிந்தன. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது மறப்பதற்காக இல்லை. காத்திருந்திருக்கிறாள்.

"ஏன் பெருசா வெட்டினீங்க?" இது டிரைவர். தலையைத் தூக்காமலே கேட்டான். "தையல்காரருக்குக் கை தப்புமா?"

மாஸ்டர் வழக்கமான பதிலைத் தேடினார். லூஸ் விட வேண்டும், காலரென்றால் விரல் நுழைய வேண்டும். அது நாக்கு நுனிவரை வந்தது. வந்தபோதே அது உண்மை இல்லை என்று தெரிந்தது.

"பயம் தம்பி" என்றார். "சிஸ்டர் என்னென்னமோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல. 'கறுத்துப் போச்சுன்னா உடனே ஓடி வாங்க'ன்னு சொன்னது மட்டும் ஏறிருச்சு. இறுக்கிட்டா கறுத்துரும், செத்துரும்னு பயம். கத்தரிய அது பக்கத்துல கொண்டுபோகவே கை வரல. அதான் தள்ளித் தள்ளி வெட்டினேன். தொழில்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

டிரைவர் அப்போதுதான் முகத்தைத் தூக்கினான். சவரம் செய்யாத, தூக்கமில்லாத முகம். "எனக்கும் அப்படித்தாண்ணே. நான்தான் இவகிட்ட 'தள்ளி வெட்டு, தள்ளி வெட்டு'ன்னு கத்தினேன். இவ கை நடுங்கினது கண்ணு தெரியாம இல்ல. என் சத்தத்துக்கு."

அவன் மனைவி அழுகைக்கு நடுவில் அவன் தொடையில் ஒரு அடி வைத்தாள். "உள்ள சிஸ்டர்கிட்ட அதச் சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. காதுமடல்கள் தகித்தன. மனைவியைப் பார்க்க முயன்றார். அவள் முழங்கால்வரைதான் பார்வை போயிற்று, அதற்கு மேல் ஏறவில்லை. அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டாமல், கொஞ்சம் தள்ளி. அந்த இடைவெளி சீக்கிரத்தில் போகாது என்று அவருக்குத் தெரிந்தது.

"அண்ணே" என்றான் டிரைவர் தணிந்த குரலில். "இப்ப எப்படி ஒட்டியிருக்குன்னு ஒரு தடவ பாக்கலாமா? நான் என்னோடதத் தவிர வேற யாரோடதையும் பாத்ததில்ல."

கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். வேண்டுமானால் உள்ளே வந்து காட்டுங்கள் என்று நர்ஸ் திரைச்சீலையை விலக்கிப் பிடித்தாள். மாஸ்டர் எழவில்லை. எழுந்தால் மறுபடி முடியாமல் போய்விடும் போலிருந்தது. டிரைவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கீழிருந்து இரண்டு பொத்தான்களைக் கழற்றினார்.

"இவ வெட்டினது" என்றார். "ஓரம் கொஞ்சம் பிசிறா இருக்கும். ஆனா ஒரு சொட்டு கசியாது."